மைட்ரல் வால்வு 1.3: ரிப்போர்ட்டில் மாடரேட், டாக்டர் சிவியர் என்கிறார். எதை நம்புவது?

மஞ்சக்குப்பம் மகள்

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 49 வயது. எக்கோ ரிப்போர்ட்டில் உள்ளதை அப்படியே தருகிறேன்.

ருமேட்டிக் ஹார்ட் டிசீஸ். மைட்ரல் ஸ்டெனோசிஸ், மாடரேட். வால்வு பரப்பு 1.3 சதுர செ.மீ. மைல்டு லீக். லெஃப்ட் ஏட்ரியம் டைலேட்டட். இ.எஃப். 62.

ஸ்கேன் சென்டரில் மாடரேட் என்று போட்டிருக்கிறார்கள். அதே தாளைப் பார்த்த இதய டாக்டர், "இது சிவியர்தாம்மா, பலூன் பண்ணிக்கலாம்" என்றார். அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். அம்மாவோ "மெஷின் சொல்றதை நம்புறதா, அவர் சொல்றதை நம்புறதா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். இ.எஃப். நார்மல் என்று கூகுளில் போட்டிருக்கிறதே, அப்படியென்றால் இதயம் நன்றாகத்தானே இருக்கிறது? போன மாசி மாதம் வரை திருவந்திபுரத்தில் ஹயக்ரீவர் மலைப் படியை ஒரே மூச்சில் ஏறியவர், இப்போது நடுவில் நிற்கிறார். அது ஒன்றுதான் தொந்தரவு. வேறு வலி, மயக்கம் எதுவும் இல்லை.

தெரிந்தவர்கள் விளக்கினால் நல்லது.

எக்கோ ரூம், புதுச்சேரி

எக்கோ எடுப்பதுதான் என் வேலை. டாக்டர் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மெஷினும் டாக்டரும் சண்டை போடவில்லை தங்கச்சி. அளவு ஒன்றுதான், வகுப்புப் பிரித்த விதம்தான் மாறிவிட்டது. மைட்ரல் வால்வு என்பது இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள கதவு, ஸ்டெனோசிஸ் என்றால் அதன் வாய் சுருங்கியிருப்பது. அது நன்றாகத் திறந்தால் 4 முதல் 6 சதுர செ.மீ. வழி கிடைக்கும். பழைய கணக்கில் 1-க்குக் கீழே போனால்தான் சிவியர், 1 முதல் 1.5 வரை மாடரேட். 2014-ல் அமெரிக்க இதயச் சங்கங்கள் வெளியிட்ட வழிகாட்டுதலில் 1.5 அல்லது அதற்குக் கீழே என்றாலே சிவியர், 1-க்குக் கீழே வெரி சிவியர் என்று மாற்றினார்கள். காரணம், பெரும்பாலானோருக்கு 1.5-லேயே தொந்தரவு தெரிய ஆரம்பித்துவிடுகிறது. நிறைய சென்டர்களில் ரிப்போர்ட் டெம்ப்ளேட் இன்னும் பழையதுதான். உங்கள் டாக்டர் புதுக் கணக்கில் பேசுகிறார், அவ்வளவுதான்.

அந்த 1.3 எப்படி வந்தது என்றும் பாருங்கள். வால்வைக் குறுக்குவாட்டில் பிடித்து அதன் ஓரத்தைச் சுட்டியால் வரைந்து பரப்பு எடுப்பது ஒரு வழி. ரத்த ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் டாப்ளரில் மேலறைக்கும் கீழறைக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் பாதியாகக் குறைய எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது என்று அளந்து, 220-ஐ அதால் வகுப்பது இன்னொரு வழி. 170 மில்லி செகண்ட் என்றால் 1.3 வரும். இரண்டு வழியிலும் கிட்டத்தட்ட ஒரே எண் வந்திருந்தால் நம்பலாம். ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் மீன் கிரேடியன்ட் (இரண்டு அறைக்கும் உள்ள சராசரி அழுத்த வித்தியாசம்), நுரையீரல் அழுத்தம் என்று இரண்டு எண்கள் இருக்கும். அதையும் போடுங்கள்.

பண்ருட்டி பம்ப்செட்

நான் மோட்டார் மெக்கானிக். டாக்டர்கள் சொல்லும் வால்வும் கிணற்றில் நாங்கள் மாட்டும் ஃபுட் வால்வும் ஒரே ஜாதிதான் போலிருக்கிறது, சரியா? மோட்டார் இழுக்கும்போது பட்டை தூக்கும், தண்ணீர் மேலே வரும். நிறுத்தினால் பட்டை உட்காரும், தண்ணீர் இறங்காது. பட்டையில் கல் மாட்டினால் ராத்திரியோடு ராத்திரியாக பைப்பில் உள்ள தண்ணீர் முழுக்க கிணற்றுக்குள் போய்விடும். காலையில் குடத்தில் ஊற்றி ஏர் எடுத்தால்தான் மோட்டார் பிடிக்கும். அது லீக். சில கிணற்றில் உப்பு படிந்து வாயே சுருங்கிவிடும். அது இந்த அம்மாவுக்கு வந்திருப்பது.

பாகூர் டீச்சர்

பம்ப்செட் அண்ணன் சொன்னதை அடுத்த வாரம் வகுப்பில் அப்படியே எடுத்துக்கொள்கிறேன், அனுமதி உண்டுதானே!

முக்கியமான ஒற்றுமை, வால்வு தானாக எதுவும் செய்வதில்லை. மூளை உத்தரவு போட்டுத் திறப்பதில்லை, அந்த இதழ்களில் இழுத்து மூடும் தசையும் இல்லை. எந்தப் பக்கம் அழுத்தம் அதிகமோ அதற்கேற்பத் திறக்கும், மூடும். மேலறையில் அழுத்தம் கூடினால் மைட்ரல் திறக்கும். கீழறை சுருங்க ஆரம்பித்த உடனே அதே ரத்தம் இதழ்களை அறைந்து மூடும். ஸ்டெதஸ்கோப்பில் முதலில் கேட்கும் 'லப்' அந்த நேரத்துச் சத்தம். பிறகு பெருந்தமனி வால்வு திறந்து ரத்தம் வெளியே போகும். கீழறை தளர்ந்ததும் அது மூடும், அப்போது 'டப்'. வலப்பக்கம் மூவிதழ் வால்வும் நுரையீரல் வால்வும் கிட்டத்தட்ட அதே நேரத்தில் இதையே செய்கின்றன.

இதழ் மறுபக்கம் மடங்கிவிடாமல் இருக்க மெல்லிய நாண்கள் உண்டு. கீழறைச் சுவரிலிருந்து மொட்டு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் சின்னத் தசைகளில் அவை கட்டப்பட்டிருக்கின்றன. கோழி இதயமோ ஆட்டு இதயமோ நறுக்கியவர்கள் பார்த்திருக்கலாம், வெள்ளை நூல் நூலாக இருக்கும். மாரடைப்பில் அந்தத் தசை செத்தாலோ நாண் அறுந்தாலோ வால்வு திடீரென்று ஒழுக ஆரம்பிக்கும். அது அவசர நிலை.

ஏன் பெரும்பாலும் இடப்பக்க வால்வுகளே கெடுகின்றன என்று பிள்ளைகள் கேட்பார்கள். இடக் கீழறை சுமார் 120 மி.மீ. பாதரச அழுத்தத்தில் தள்ளுகிறது, வலக் கீழறை 25 அளவில்தான். நாளுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை அந்த அடி விழுகிறது.

ஃபுட் வால்வோடு ஒப்பிடுவதில் ஒரே ஒரு இடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. மோட்டாருக்குச் சுமை கூடினால் ட்ரிப் ஆகும், அல்லது காயில் எரியும், உங்களுக்கு உடனே தெரியும். இதயம் ட்ரிப் ஆகாது. சுவரைத் தடிமனாக்கிக்கொள்ளும், அறையைப் பெரிதாக்கிக்கொள்ளும், பல வருடம் சத்தமே போடாமல் ஓட்டும். அம்மாவுடைய ரிப்போர்ட்டில் லெஃப்ட் ஏட்ரியம் டைலேட்டட் என்று இருக்கிறதே, அது அந்தச் சமாளிப்பின் தடயம். ரத்தம் சின்ன வாய் வழியே இறங்க முடியாமல் மேலறையில் தேங்கி, அறை உப்பியிருக்கிறது.

மஞ்சக்குப்பம் மகள்

எக்கோ ரூம் அண்ணா, மீன் கிரேடியன்ட் 11, நுரையீரல் அழுத்தம் 48 என்று போட்டிருக்கிறது.

டீச்சர், ரொம்ப நன்றி. ஆனால் உட்கார்ந்திருக்கும்போது அம்மா நன்றாக இருக்கிறாரே. படி ஏறினால் மட்டும் ஏன்?

எக்கோ ரூம், புதுச்சேரி

இரண்டு எண்ணும் கூடுதல்தான். 11 என்பது சிவியர் பக்கமே சாய்கிறது. டாக்டர் சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

படி விஷயம் ரொம்ப முக்கியம், இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. மேலறையிலிருந்து கீழறைக்கு ரத்தம் இறங்குவது இதயம் தளர்ந்திருக்கும் நேரத்தில் மட்டும். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒரு சுற்றுக்கு 0.85 விநாடி, அதில் பாதிக்கு மேல் இறங்கும் நேரம். 120-க்குப் போனால் மொத்தச் சுற்றே அரை விநாடி. சுருங்கும் நேரம் அவ்வளவாகக் குறையாது, வெட்டு விழுவது இறங்கும் நேரத்தில்தான். வாய் நன்றாகத் திறந்தால் அந்தக் கொஞ்ச நேரம் போதும். 1.3-ல் போதாது. தேங்கிய ரத்தம் மேலறையிலிருந்து பின்னோக்கி நுரையீரலில் அழுத்தும், மூச்சு முட்டும். அதனால்தான் இவர்களுக்குத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரை தருகிறார்கள். வாயை அது பெரிதாக்காது, இறங்க நேரம் வாங்கித் தருகிறது. நீர் பிரியும் மாத்திரை நுரையீரலின் ஈரத்தைக் குறைக்கும்.

காய்ச்சல், ரத்தசோகை, தைராய்டு, திடீரென்று வரும் ஒழுங்கற்ற துடிப்பு எல்லாமே படி ஏறுவது மாதிரிதான். துடிப்பைக் கூட்டிவிடும்.

அப்புறம் இ.எஃப். அது கீழறை தன்னிடம் உள்ள ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் தள்ளுகிறது என்ற கணக்கு. அடைப்பு அதற்கு முன்னால் இருப்பதால் கீழறை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். 62 என்று பார்த்து நிம்மதியடைய வேண்டியதில்லை, பயப்படவும் வேண்டியதில்லை. அந்த எண் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

நெல்லிக்குப்பம் நேசன்

எதற்கெடுத்தாலும் ஆஸ்பத்திரியா? மருதம்பட்டை இதயத்துக்கு அருமருந்து என்று நம் முன்னோர்கள் சொல்லியிருக்கிறார்கள். 48 நாள் கஷாயம் கொடுத்துப் பாருங்கள். பூண்டுப் பால் ராத்திரியில். ஆபரேஷனுக்கு அவசரப்பட வேண்டாம்.

ஓய்வுபெற்ற செவிலியர், முதுநகர்

தம்பி நேசன், மருதம்பட்டையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த வால்வில் இதழ்கள் இரண்டும் ஓரத்தில் ஒட்டி, தடித்து, தழும்பாகியிருக்கின்றன. தழும்பைக் கஷாயம் பிரிக்காது. மாத்திரையும் பிரிக்காது, அதையும் சேர்த்தே சொல்கிறேன். இயந்திர முறையில், அதாவது பலூனை உள்ளே விட்டு ஊதியோ ஆபரேஷனிலோதான் பிரிக்க முடியும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டருக்குத் தெரியாமல் பூண்டு, கஷாயம் என்று சேர்த்தால் ரத்தக்கசிவு வரக்கூடும். தயவுசெய்து வேண்டாம்.

இந்த நோயை நான் வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். தொடங்குவது தொண்டையில். 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் தொண்டைப்புண் வரும், சில நாளில் போய்விடும். இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வலியும், இதுதான் ருமேட்டிக் காய்ச்சல் என்ற மூட்டுக் காய்ச்சல். இன்றைக்கு முட்டி வீங்கும், நாளைக்கு அது வடிந்து கணுக்கால், அப்புறம் முழங்கை. வீட்டில் "வளர்ற வயசு வலி" என்பார்கள். கிருமியை எதிர்க்க உடம்பு தயாரித்த எதிர்ப்பு சக்தி, தன் வால்வையே கிருமி என்று நினைத்துத் தாக்குகிறது. மூட்டு முழுசாகச் சரியாகிவிடும். வால்வு ஆகாது. ஒவ்வொரு முறை தொண்டைப்புண் திரும்பும்போதும் இன்னும் கொஞ்சம் தழும்பு ஏறும்.

அதைத் தடுக்கத்தான் 21 நாளுக்கு ஒரு முறை பெனிசிலின் ஊசி. இடுப்பில் போடுவோம், பெரியவர்களுக்கு 12 லட்சம் யூனிட், எடை குறைந்த பிள்ளைகளுக்கு 6 லட்சம். வெள்ளையாகக் கட்டிகட்டியாக இருக்கும், நன்றாகக் கலக்கி, கொஞ்சம் பெரிய ஊசியில் மெதுவாகத் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். வலி நிஜம். ஊசி தினத்தன்று பள்ளிக்கூடத்தில் ஒளிந்துகொள்ளும் பிள்ளைகள் உண்டு. பெனிசிலின் அலர்ஜி பயத்தால் சில இடங்களில் போடவே தயங்குகிறார்கள், அலைய விடுகிறார்கள். இது எனக்குக் கோபம் வரும் விஷயம். முன்னேற்பாடோடு போட வேண்டிய ஊசிதான், போடாமல் விடும் ஊசி இல்லை.

தொண்டைப்புண் வந்து 9 நாளுக்குள் சரியான ஆன்டிபயாடிக் கொடுத்தாலே மூட்டுக் காய்ச்சல் வராமல் தடுத்துவிடலாம். பாகூர் டீச்சர், வகுப்பில் தொண்டை வலியோடு காய்ச்சல் என்று அடிக்கடி லீவு போடும் பிள்ளைகளைக் கவனியுங்கள்.

மகளே, இன்னொன்று கேட்கிறேன். அம்மாவுக்குப் பிரசவ சமயத்தில் மூச்சு வாங்கியதா?

மஞ்சக்குப்பம் மகள்

அக்கா, எப்படிக் கேட்டீர்கள்! தம்பி பிறக்கும்போது ஏழாம் மாதத்தில் இரவு படுக்கவே முடியவில்லையாம். நான்கு தலையணை வைத்து உட்கார்ந்தே தூங்கியிருக்கிறார். இருமலில் ரத்தம் வந்து டி.பி.-க்குச் சளி எடுத்துப் பார்த்தார்களாம், இல்லை என்று வந்ததாம். பிரசவத்துக்குப் பிறகு சரியாகிவிட்டதால் யாரும் மேலே பார்க்கவில்லை. ஆயாவிடம் கேட்டால், பத்து வயதில் முட்டி வீங்கி ஒரு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை என்கிறார்.

ஓய்வுபெற்ற செவிலியர், முதுநகர்

அப்படித்தான் இருக்கும். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட பாதி மடங்கு கூடும், துடிப்பும் கூடும். அதுவரை மறைந்திருந்த சுருக்கம் அப்போது வெளியே வரும். நுரையீரலில் அழுத்தம் ஏறிச் சின்ன ரத்தக் குழாய் வெடித்தால் சளியில் ரத்தம், எல்லோரும் டி.பி. என்று நினைப்பார்கள். குழந்தை பிறந்ததும் சுமை இறங்கிவிடும், வால்வையும் மறந்துவிடுவார்கள்.

வில்லியனூர் வாசு

நான் வால்வு மாற்றியவன். சித்ரா வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைத்தது. வெளிநாட்டு வால்வை நினைத்துப் பார்க்க முடியாத காலத்தில் என்னைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்களுக்கு அதுதான் கிடைத்தது. உள்ளே ஒரு வட்டத் தட்டு சாய்ந்து திறக்கும், மூடும். ராத்திரி ஃபேன் நின்றால் மூடும் சத்தம் எனக்கே கேட்கும். பேத்தி என் நெஞ்சில் காதை வைத்து எண்ணுவாள்.

பலூன் முடியும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பலூனுக்குப் போங்கள். வால்வு மாற்றினால் இரண்டு வழி. உலோக வால்வு தேயாது, ஆனால் ஆயுளுக்கும் ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் மாத்திரை. விலங்குத் திசு வால்வுக்கு அந்த மாத்திரை நீண்ட நாள் தேவைப்படாது, ஆனால் 10, 15 வருடத்தில் தேயும். வயது குறைந்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம்.

அசிட்ரோம் வாழ்க்கை பழகிவிடும், ஆனால் சின்ன விஷயமில்லை. மைட்ரலில் உலோக வால்வு என்றால் ஐ.என்.ஆர்., அதாவது ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு, 2.5 முதல் 3.5-க்குள் நிற்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தக்கட்டி, கூடினால் ரத்தக்கசிவு. ஒரு லேப்பில் 1.6 வந்தது, பதறி டோஸைக் கூட்டப் போனேன். டாக்டர் மறுநாள் வேறு லேப்பில் எடுக்கச் சொன்னார், 2.8. அந்த முதல் லேப்பின் பெயரை இங்கே போட மாட்டேன், கேட்காதீர்கள். முருங்கைக்கீரை சாப்பிடக் கூடாதா என்று எல்லோரும் கேட்பார்கள். சாப்பிடலாம். வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரே அளவாக. ஒரு வாரம் கட்டுக்கட்டாக, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்றால்தான் அளவு ஆடும். அதைவிட ஆபத்து, மருந்துக் கடையில் சொந்தமாக வாங்கும் வலி மாத்திரை.

கோண்டூர் குமரன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்குச் சுருக்கம் இல்லை, மைட்ரல் லீக். 'சிவியர், இ.எஃப். 60' என்கிறார்கள். தொந்தரவு எதுவும் இல்லை, தினமும் சில்வர் பீச்சில் ஓடுகிறேன். இப்போதே ஆபரேஷன் யோசிக்கலாம் என்கிறார்கள். இது வியாபாரமா?

எக்கோ ரூம், புதுச்சேரி

குமரன், மேலே இ.எஃப். பதில் இல்லை என்று சொன்னேன், உங்களுக்கு அது தலைகீழ். லீக்கில் கீழறை இரண்டு பக்கமும் தள்ளுகிறது, முன்னால் உடம்புக்கு, பின்னால் மேலறைக்கு. பின்னால் தள்ளுவது சுலபம், அங்கே அழுத்தம் குறைவு. ஆகவே இ.எஃப். பார்க்க அழகாகத் தெரியும், அதில் ஒரு பங்கு வீணாய்ப் பின்னால் போனதும் சேர்ந்தே இருக்கும். அதனால்தான் சிவியர் மைட்ரல் லீக்கில் 60 வரை இறங்கிவிட்டாலே தசை களைக்க ஆரம்பித்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். சுருங்கிய நிலையில் கீழறையின் விட்டம் 40 மி.மீ.-ஐத் தொட்டாலும் அதே அர்த்தம். மூச்சு வாங்கும் வரை காத்திருந்தால், வால்வைச் சரிசெய்த பிறகும் தசை பழைய பலத்துக்கு வராமல் போகலாம். உங்களுக்குச் சொன்னது வியாபாரமாகத் தெரியவில்லை. சந்தேகம் இருந்தால் வேறு ஒரு இடத்தில் எக்கோ எடுத்துப் பாருங்கள், அது உங்கள் உரிமை. வால்வை மாற்றாமல் தைத்துச் சரிசெய்ய முடியுமா என்று அவசியம் கேளுங்கள்.

மஞ்சக்குப்பம் மகள்

இன்று அம்மாவைப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனோம். பலூனுக்கு முன் தொண்டை வழியாக ஒரு எக்கோ எடுக்க வேண்டுமாம். ஈ.சி.ஜி.-யில் துடிப்பு ஒழுங்காக இல்லை என்று அசிட்ரோம் தொடங்கியிருக்கிறார்கள். பக்கத்துப் படுக்கைக்காரர், "ஐ.என்.ஆர். தொல்லை இல்லாத புது மாத்திரை இருக்கே, அதைக் கேளுங்க" என்கிறார். கேட்கலாமா?

ஓய்வுபெற்ற செவிலியர், முதுநகர்

கேளுங்கள், ஆனால் பதில் என்னவென்று இப்போதே சொல்லிவிடுகிறேன். மேலறை உப்பியதால் துடிப்பு தாறுமாறாகியிருக்கிறது. அப்போது மேலறை சுருங்காமல் வெறுமனே நடுங்கும், மூலையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகும். அது மூளைக்குப் போனால் பக்கவாதம். புது மாத்திரைகள் சாதாரணத் துடிப்புக் கோளாறுக்கு நல்லவை. ருமேட்டிக் வால்வுக்காரர்களுக்கு அவற்றில் ஒன்றைப் பழைய வகையோடு ஒப்பிட்டு 2022-ல் இன்விக்டஸ் என்ற ஆய்வு வெளியானது. பழைய வகைதான் உயிரைக் கூடுதலாகக் காப்பாற்றியது. ஆக, அசிட்ரோம்தான் சரி.

தொண்டை வழி எக்கோ அந்த மூலையில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க. இருந்தால் பலூனைத் தள்ளிவைத்து, முதலில் சில வாரம் மருந்தில் கரைப்பார்கள். இல்லாவிட்டால் தொடையிடுக்கு ரத்தநாளம் வழியாகக் குழாய் விட்டு, மேலறைகளுக்கு நடுவில் உள்ள சுவரில் சின்னத் துளை போட்டு, பலூனை வால்வுக்குள் நிறுத்தி ஊதுவார்கள். ஒட்டிய ஓரங்கள் பிரியும். ஜப்பானைச் சேர்ந்த இனோவே என்ற அறுவை மருத்துவர் 1982-ல் முதலில் செய்தது. நெஞ்சைத் திறப்பதில்லை, பெரும்பாலும் மயக்க மருந்தும் இல்லை. பலூன் விரிந்த அடுத்த நிமிடமே மேலறை அழுத்தம் இறங்குவது மானிட்டரில் தெரியும். லீக் கொஞ்சம் கூடலாம், அது ஒரு ஆபத்து. பல வருடம் கழித்து மறுபடி சுருங்கவும் கூடும், அதனால் எக்கோவை விட்டுவிடக் கூடாது. இதழ்கள் இன்னும் மிருதுவாக இருக்கின்றனவா, சுண்ணாம்பு ஏறியிருக்கிறதா என்பதைப் பொறுத்துதான் பலூனா ஆபரேஷனா என்று முடிவெடுப்பார்கள்.

காப்பீட்டு அட்டையைக் கையோடு வைத்திருங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வால்வு சிகிச்சை உண்டு, அந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கவுன்ட்டரில் கேட்டுவிடுங்கள்.

நெல்லிக்குப்பம் நேசன்

அக்கா சொன்னதைப் படித்தேன். கஷாயத்தை வற்புறுத்தவில்லை. என் அப்பாவுக்கு 74 வயது. அவருக்குப் பெருந்தமனி வால்வில் சுருக்கம் என்கிறார்கள். சின்ன வயதில் மூட்டு வலியெல்லாம் வந்ததில்லையே?

பாகூர் டீச்சர்

வயதானவர்களுக்கு அந்த வால்வில் சுண்ணாம்பு படிந்தே சுருங்கும். தொண்டைப்புண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சிலருக்குப் பிறவியிலேயே மூன்று இதழுக்குப் பதில் இரண்டுதான் இருக்கும், அவர்களுக்கு இன்னும் முன்னதாக வரும். நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், மயக்கம், மூச்சுத் திணறல், இந்த மூன்றில் ஒன்று வந்துவிட்டால் தள்ளிப்போடக் கூடாது. நெஞ்சைத் திறக்காமல் குழாய் வழியாகவே அந்த வால்வை வைக்கும் முறை 2002-ல் பிரான்சில் தொடங்கியது. இங்கேயும் செய்கிறார்கள், செலவுதான் அதிகம். அப்பாவுக்கு மயக்கம் வருகிறதா?

நெல்லிக்குப்பம் நேசன்

ஒரு முறை வயலில். வெயில் என்று நினைத்தோம். நாளைக்கே கூட்டிப்போகிறேன்.

கோண்டூர் குமரன்

கடைசியாக ஒன்று. எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டும். இதய நோயாளி என்று பல் டாக்டரிடம் சொல்ல வேண்டுமா?

வில்லியனூர் வாசு

கட்டாயம் சொல்லுங்கள் தம்பி. ஈறிலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறி, கெட்ட வால்வில் போய் உட்காரும். என் மாதிரி செயற்கை வால்வுக்காரர்களுக்குப் பல் பிடுங்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் அமாக்சிசிலின் 2 கிராம் ஒரே டோஸ் தருவார்கள், பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு மருந்து. உங்கள் வால்வு உங்களுடையதே என்பதால் அது தேவையா என்பதை இதய டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். நான் பல் பிடுங்கப் போனபோது அசிட்ரோமை நானாக நிறுத்தவில்லை. முந்தின நாள் ஐ.என்.ஆர். எடுத்து அந்தச் சீட்டைப் பல் டாக்டரிடம் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டுத்தான் ஊசியை எடுத்தார்.